கேப்டன் பேரு

– துடைச்சிட்டோம்னா என்னங்க அர்த்தம்? மேல இருக்கற தூசியவா?

– உள்ளாறயும்தாங்க ஐயா. பழைய கேம் பெட்டி எங்க கடைக்கு வந்தா மொத வேலையே அதுதான். முன்ன வெச்சிருந்தவங்க பேரு, ஸ்கோரு, ஒன்னு விடாம அழிச்சிட்டுத்தான் ஷோகேஸ்ல ஏத்துவோம். சுத்தம்னா சுத்தம். வாங்கறவங்க புதுசா ஆரம்பிக்கணும்ல.

– அழிச்சதைத் திருப்பி எடுத்துப்போடலாமுங்களா?

– ஷாஹீன், நீ சொல்லும்மா. என் மகதாங்க. சர்வீஸ் பூரா அவ கையில.

– முடியாது அங்கிள். மெமரி கார்டை நான்தான் ஃபார்மேட் பண்ணினேன். டிவியில போட்டுப் பாக்கக்கூட இல்ல, நேரா கம்ப்யூட்டர்ல சொருகி அழிச்சிட்டேன். கம்ப்ளீட்டா போயிடுச்சு.

– போயிருச்சுங்களா.

– ஐயா, மொதல்ல உக்காருங்க. எந்த ஊரு உங்களுக்கு?

– திருச்செங்கோடுங்க. ரிக்கு லாரி ரெண்டு ஓடுது, போர் போடற தொழிலு. இந்தப் பெட்டிதானுங்க, எனக்கு நல்லாத் தெரியும். மூலையில செவப்பு ரேடியம் ஒட்டியிருக்குது பாருங்க. லாரிக்கு வாங்குனதுல மிச்சம். என்ற பையன் ஒட்டுனது.

– அட, வித்த பெட்டியவே திரும்ப வாங்க வந்திருக்கீங்களா! எத்தனை அப்பா அம்மாவை பாத்திருக்கேன். பரீட்சைன்னு கோவத்துல கொண்டாந்து தள்ளிட்டுப் போவாங்க. லீவு விட்டதும் பையன் அழுவுறான்னு ஓடி வருவாங்க. உங்க பையனும் அடம் புடிக்கிறானாக்கும்?

– பையன் இல்லீங்க.

– வெளியூர்ல படிக்கிறாரா?

– செத்துப்போயிட்டானுங்க. போன புரட்டாசியில. சங்ககிரி ரோட்டுல, பைக்குல போறப்ப. குணசீலன்னு பேரு. பத்தொம்பது வயசு.

– யா அல்லா. தெரியாம என்னென்னவோ பேசிட்டேனே. தப்பா எடுத்துக்காதீங்க ஐயா.

– நீங்க என்ன பண்ணுவீங்க பாய். காரியம் முடிஞ்சும் அவங்கம்மா இந்தப் பெட்டி முன்னாலயே உக்காந்திருந்தா. சோறு இல்ல, தண்ணி இல்ல. கண்ணுல படாம இருந்தாத் தேவலைன்னு ஊட்டை விட்டு வெளிய அனுப்பிப்போட்டோம். இப்ப போன வாரந்தான் சின்னவ ஒன்னு சொன்னா. ஏனம்மணி, அந்தக் கிரிக்கெட்டு ஆட்டத்துல நாமளே பேரு வெச்சு ஒரு டீமு பண்ணலாமாமா?

– பண்ணலாம் அங்கிள். பதினோரு பேருக்கும் நம்ம இஷ்டத்துக்குப் பேரு வெக்கலாம்.

– அதேதான். நம்மூட்டு ஆளுகளை வெச்சே ஒரு டீமு பண்ணியிருக்கறான். அவங்கம்மா சௌந்திரந்தான் மொதல்ல பேட்டிங்காமா. ஜென்மத்துல பேட்டைத் தொட்டதில்ல, நூறு ரன்னு அடிச்சிருக்கறாளாமா. தங்கச்சி சத்யபிரியா விக்கெட் கீப்பரு. ஊட்டு நாய் மணிகூட இருக்குதாமா, பவுலிங் போடறதுக்கு.

– நாயுமா!

– ஆமாங்க. நாய்க்குக்கூட எடம் குடுத்திருக்கறான். கேப்டன் பேரை மட்டும் தங்கச்சி பாக்காம கையை வெச்சு மறைச்சுக்கிட்டானாம். யாருடா அதுன்னதுக்கு, உனக்கெதுக்குன்னு சிரிச்சானாம்.

– அப்ப அது நீங்கதான் அங்கிள். வேற யாரா இருக்கும்?

– அதைத் தெரிஞ்சுக்கத்தானம்மணி பஸ்ஸேறி வந்தேன். நீ சொல்றாப்புலதான் ஊட்டுலயும் எல்லாரும் சொல்றாங்க. நீங்கதான், நீங்கதான்னு. ஆறுதலுக்குச் சொல்றாங்க. அது எனக்குத் தெரியாதா?

– ஏங்க ஐயா அப்படிச் சொல்றீங்க? பெத்த அப்பாவ விட்டுடுவானா?

– ஒரே ஊட்டுல ஒன்னரை வருசம் பேசலீங்க பாய் நாங்க. காலேசுல ஆறு அரியர் வெச்சிருந்தான். எந்நேரமும் இதுவேன்னு, கோவத்துல அந்தக் கையில புடிச்சு ஆடறதைப் புடுங்கிச் செவுத்துல வீசிப்போட்டேன். தூளாப் போச்சு. அவன் குனிஞ்சு ஒவ்வொரு துண்டா பொறுக்குனான். நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

– அப்புறம்?

– அவன் மாமன்தான் இங்க கூட்டியாந்து வேற ஒன்னு வாங்கிக் குடுத்தான். அதுல இருந்து நான் சாப்புட்டு எந்திரிச்சாத்தான் இவன் வந்து இலைக்கு உக்காருவான். நாளைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம்னே இருந்துட்டேன். எனக்கு ஒரே ஒரு பேரு தெரிஞ்சாப் போதும் பாய். கேப்டனா நான் இருந்தேனா, இல்லியா. நீங்க பேருக்குச் சமாதானம் சொல்ற ஆளில்ல. சிடியில கீறல் இருந்தா அவரே திருப்பிக் காட்டிருவாரு, பொய் சொல்லி விக்க மாட்டாருன்னு பையன் உங்களப் பத்திச் சொல்லுவானாம்.

– அப்படியா சொன்னாரு?

– தங்கச்சிகிட்டச் சொல்லியிருக்கறான். என்கிட்ட எங்க பேசுனான்.

– ஷாஹீன், அந்தச் சாமான் வாங்கற நோட்டை எடும்மா.

– எதுக்கு அத்தா?

– எடும்மான்னா. ஒன்னுமில்லீங்க ஐயா, கடையில விக்க வர்றவங்க பேரு, தேதி எல்லாம் எழுதி வெப்போம். நாளைக்கு போலீசு வந்து கேட்டா காட்டணும்ல. ஒரு நாளைக்கு இருபது பேரு வர்றாங்க, ஒரு முகமும் நினைவுல நிக்கறதில்ல. புரட்டாசி... ஐப்பசி... ஆங், இதோ. செவப்பு ரேடியம் ஒட்டுன பெட்டி. சரிதான். இப்ப ஞாபகம் வந்துடுச்சு.

– என்ன ஞாபகம் அத்தா?

– இந்தப் பெட்டி வந்த அன்னைக்கு நான் டிவியில மாட்டிப் பாத்தேன்.

– நீங்களா? எப்ப? கார்டு நேரா என் கைக்குத்தானே வந்துச்சு?

– நீ சாப்பிடப் போயிருந்தே. சும்மா இரு.

– அத்தா, வேணாம்...

– சும்மா இரும்மான்னு சொல்றேன்ல. ஐயா, நான் பாத்தேங்க. நீங்க சொன்ன அதே டீமு. அம்மா பேரு மொதல்ல, கீப்பர் தங்கச்சி, நாய் பேரைப் பாத்து நான் சிரிச்சதுகூட ஞாபகம் இருக்கு. கேப்டன் பேரும் இருந்துச்சு.

– பாத்தீங்களா பாய்! நெசமாலுமே பாத்தீங்களா?

– என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

– சொல்லிப்போடுங்க, எதுவா இருந்தாலும் சரி.

– அங்கமுத்து.

– என்ன பேருங்க?

– அங்கமுத்துதாங்க ஐயா. உங்க பேரேதான். பையன் உங்களை விட்டுடல.

– இன்னொருக்கா சொல்லுங்க.

– அங்கமுத்து. கேப்டன் அங்கமுத்து. அழாதீங்க ஐயா, சந்தோசப்படுங்க. இதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க.

– என்ற பேரு வெங்கடாசலமுங்க பாய். அங்கமுத்து அவன் மாமன். பெட்டியை உங்ககிட்டக் கொண்டாந்து வித்தது அவந்தான், அதான் நோட்டுல அவன் பேரு இருக்குது, அது நான்னு நெனச்சுட்டீங்க. பரவால்லீங்க. நான் ஒடச்சதை வாங்கிக் குடுத்தது மாமன்தானே, பையன் சரியாத்தான் போட்டிருக்கறான். எல்லாரையுமாட்ட ஆறுதலுக்குச் சொல்லாம, நீங்க ஒருத்தராச்சும் உள்ளதைச் சொன்னீங்க பாருங்க, அது போதுமுங்க எனக்கு.