துடைத்துக் கொண்டுவந்த போன்

குடிசையில் பிறந்து, நாலாவதோடு படிப்பை விட்டு, பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டியும் வரிசையாகக் கடைகளும் கட்டியவன் நான். அதிலொன்றைச் செல்போன் ரிப்பேர் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, பேட்டரி மாற்ற ஒரு விவசாயி மனைவியோடு வந்தார்.

"உள்ள இருக்கறதையெல்லாம் காப்பி எடுத்துட்டீங்களாய்யா?" என்றார் கடைக்காரர்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன் தம்பி. இன்ஜினை ரிப்பேருக்குக் குடுத்தா டீசலை வடிச்சுட்டுத்தானே குடுப்போம்?"

மனைவி திடுக்கிட்டார். "எங்கம்மா சாகறதுக்கு முன்னாடி பேசி அனுப்புன வாய்ஸ் மெசேஜுமா?"

"அதுவுந்தான்."

"வேற எங்கயும் இல்லியே! அவங்களை ரெண்டாந்தடவையும் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டீங்களே!"

மறுநாள், 'அழிக்கும்முன் காப்பி எடுங்கள்' என்று கடைவாசலில் பலகை மாட்டினேன். கடைக்காரர் அது தன் யோசனை என்கிறாராம். மாட்டியவன் நான். அடியில் என் பெயர் இருக்க வேண்டும்.