டாலிவர் அம்மா கேட்ட திருத்தம்

இந்த ஊரில் எந்தக் கட்டடத்தையும் கிழடு தட்ட விடமாட்டார்கள். சூதாட்ட விடுதி கொஞ்சம் பழசானதும் வெடி வைத்துத் தகர்ப்பார்கள். அதையும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். லாஸ் வேகஸில் பழையதென்று மிஞ்சுவது படங்களும் குரல்களும்தான். ஒரு சின்னக் காப்பகத்தில் உட்கார்ந்து அவற்றைச் சேர்த்து வைப்பது என் வேலை.

ஓனீட்டா டாலிவர் அம்மா இளவயதில் 'காப்பர் மூன்' விடுதியில் சூதாடிகளுக்குச் சில்லறை மாற்றிக் கொடுத்தவர். அந்த விடுதி எரிந்தபோது பின்கதவருகே பலர் செத்தார்கள். அன்று எடுத்த படத்தில் அவர் செருப்பில்லாமல், முகமெல்லாம் கரியோடு நடுச்சாலையில் நிற்கிறார். அறை அறையாகக் கதவைத் தட்டி ஆட்களை எழுப்பியதாக என்னிடம் சொன்னார். அதைப் பதிவு செய்தபோதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் கண்காட்சியே அந்தப் படத்தையும் குரலையும் நம்பித்தான் இருந்தது.

எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பதிவை எழுத்தாக்கி, சொன்னவருக்கே வாசித்துக் காட்டுவோம். அவர் வேண்டியதைத் திருத்தலாம். அதற்குள் இறந்துவிட்டால் முதலில் சொன்னதே நிற்கும்.

வாசித்துக் காட்டத்தான், பாலைவன வெயில் ஆளையே கொல்லும் ஜூலையில், அவர் தனியாக இருந்த வீட்டுக்குப் போனேன்.

"வாப்பா குப்பை பொறுக்கி, இன்னிக்கு எத அள்ளிக்கிட்டுப் போகப் போற?" என்று சிரித்தார். வாசிக்க வாசிக்க அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"நிறுத்துப்பா. நான் ஒரு கதவையும் தட்டல. ஜனங்க காசத் தூக்கிட்டு ஓடிருவாங்கன்னு முதலாளி சொன்னாரு. பின்கதவப் பூட்டுனது நான்தான். உள்ள கத்துனாங்க. நான் ஓடிட்டேன்."

"இத்தன வருஷம் கழிச்சு எதுக்கும்மா இதெல்லாம்?"

"செத்தவங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்கல்ல, லோவல். அவங்களுக்குத் தெரியணும். எழுதிக்க."

எழுதிக்கொள்வதாகச் சொன்னேன். மதிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தார். அவர் பிடித்து நடக்கும் வாக்கரையும் கைபேசியையும் அடுத்த அறைக்கு மாற்றினேன். குளிர்சாதனத்தை நிறுத்தி ஃபியூஸைக் கழற்றினேன். ஜன்னல்களைச் சாத்தினேன். அலமாரியிலிருந்த பழைய படப்பெட்டியை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டேன். அந்தச் சூட்டில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடும்.

இரண்டு நாள் கழித்துப் போய் எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். அவர் நாற்காலியில் இல்லை. வாசலை நோக்கித் தவழ்ந்து பாதி தூரம் வந்திருந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. கோடையில் வயதானவர்கள் இப்படிச் சாவது இங்கே புதிதல்ல. அதனால் போலீஸ்காரர் நீங்கள் விசாரிக்க வரும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

கண்காட்சி நன்றாக நடந்தது. அந்தப் படத்தின் முன்னால் ரோலண்ட் கீஸ் என்ற பெரியவர் வெகுநேரம் நின்றார். அந்தத் தீயில் தாயைப் பறிகொடுத்தவர். கொண்டுவந்த பூவைப் படத்தின் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மகராசி, முடிஞ்சவங்களையாவது காப்பாத்துனா. ஆனா அந்தப் பின்கதவ யாரு பூட்டுனதுன்னு எங்கப்பா சாகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு சார். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

தெரியாது என்றேன். வரலாற்றைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.