சம்பந்திக்கு ஒரு நாற்காலி

பாக்கியநாதன்: மஞ்சள் வேணாம்.

மர்ஸூக்: ஐயா, மஞ்சள்னா பனிமூட்டத்துலயும் பளிச்சின்னு தெரியும். யாரும் வழி தவற மாட்டாங்க...

பாக்கியநாதன்: அதான் வேணாங்கிறேன். பூனாகலை மலை உச்சியில மஞ்சள் கூடாரம் நின்னா, கீழ கொழுந்து எடுக்குற பொம்பளைங்க அத்தன பேருக்கும் தெரியும். யாரு உள்ள போனா, எப்ப வெளிய வந்தான்னு எண்ணிக்கிட்டு இருப்பாங்க.

மர்ஸூக்: அதையெல்லாமா எண்ணுவாங்க?

பாக்கியநாதன்: தம்பி, முப்பத்தேழு வருஷம் அந்தத் தோட்டத்து பெக்டரியில டீமேக்கரா இருந்தவன் நான். திங்கக்கெழம காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல வேற பேச்சே இருக்காது.

மர்ஸூக்: சரி, பச்சை இருக்கு. தேயிலையோட தேயிலையா நிக்கும்.

பாக்கியநாதன்: அத எடுங்க.

மர்ஸூக்: டொய்லட் டென்ட் முடிஞ்சிச்சி. இனி உள்ள வைக்கிற சாமான். எத்தன பேரு ஐயா?

பாக்கியநாதன்: எங்க பக்கம் ஆறு. மாப்பிள்ளை பக்கம் ஏழு. நாளைக்கி ஒரு ராத்திரி.

மர்ஸூக்: மாப்பிள்ளையா? மலை உச்சியில கல்யாணமா!

பாக்கியநாதன்: கல்யாணம் பொறவு. அதுக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் பழகணுமாம். எம் மக ஜெசிந்தினியும் அந்தப் பையன் அஜந்தனும் போட்ட திட்டம். மண்டபத்துல ஒரு மணி நேரம் உக்காந்து கேக் தின்னா யாரு மனசும் தெரியாதாம். ஒரு ராத்திரி டென்டுல கிடந்தா தெரிஞ்சிருமாம்.

மர்ஸூக்: நல்ல யோசனை தானே.

பாக்கியநாதன்: நல்ல யோசனைதான்... சம்பந்தி தங்குனா.

மர்ஸூக்: தங்க மாட்டாரா?

பாக்கியநாதன்: வருவாராம். ஆறு மணிக்கி பசறைக்கித் திரும்பிருவாராம். போன்ல சொல்றாரு. ஏன்னு கேட்டா, வீட்டுல வேல இருக்காம். எனக்குத் தெரியாதா காரணம்?

மர்ஸூக்: என்னா காரணம்?

பாக்கியநாதன்: நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவரு மாரியம்மன் கோயில் தலைவர். எங்க வீட்டுப் பொண்ண எடுக்கலாம்... எங்க பக்கத்துல பாய் போட்டுப் படுக்க முடியாது. அதான்.

மர்ஸூக்: அப்பிடிச் சொன்னாரா?

பாக்கியநாதன்: சொல்லணுமா? அதனாலதான் பதுளைக்கி நானே வந்து எல்லாத்தையும் பாத்து எடுக்கிறேன். ஒரு குறை இருக்கக்கூடாது. குறையில்லாம வச்சும் எழும்பிப் போனாருன்னா, ஞாயித்துக்கெழம காலையில இந்தச் சம்பந்தம் வேணாம்னு நானே சொல்லிருவேன்.

மர்ஸூக்: மகள் அழுவாங்களே ஐயா...

பாக்கியநாதன்: அழுவா. ...நீங்க சாமானக் காட்டுங்க.

மர்ஸூக்: இது பை. ஒரு தடவைக்கி ஒரு பை. உள்ள தூள் இருக்கு, எல்லாத்தையும் ஜெலி மாதிரி ஆக்கிரும். இறுக்கிக் கட்டி, கையோட வீட்டுக்கு...

பாக்கியநாதன்: கையோடயா?

மர்ஸூக்: வெள்ளக்காரங்க அப்பிடித்தான் கொண்டு போறாங்க.

பாக்கியநாதன்: கோயில் தலைவர் கையில பையக் குடுத்து, இந்தாங்க, வீட்டுக்குக் கொண்டு போங்கன்னு சொல்லணுமா? முத முதல்ல விருந்துக்கு வந்த மனுசன்கிட்ட?

மர்ஸூக்: ஹா... சரி சரி, பை வேணாம். இதப் பாருங்க. ரெண்டு தொட்டி. மேல தண்ணி, கீழ மருந்து. இந்தப் பிடிய இழுத்தா எல்லாம் உள்ள போயிரும். வாசமே வராது.

பாக்கியநாதன்: இது பரவால்லயே. பாக்கவும் மரியாதையா இருக்கு.

மர்ஸூக்: ஒண்ணு மட்டும். கடதாசிதான் பாவிக்கணும்.

பாக்கியநாதன்: கடதாசியா?

மர்ஸூக்: கழுவுனா தொட்டி நிறைஞ்சிரும். போன மாசம் ஹாலிஎலயிலருந்து ஒரு குடும்பம் எடுத்துட்டுப் போனாங்க. படிச்சிப் படிச்சிச் சொன்னேன். ஆளுக்கொரு வாளி ஊத்தி, பகல் சாப்பாட்டுக்கு முன்னாடியே நிறைஞ்சி...

பாக்கியநாதன்: போதும்.

மர்ஸூக்: அந்த வீட்டுப் பெரியவரு பாவம், ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு, மெதுவா, மெதுவா மலையிறங்கி...

பாக்கியநாதன்: போதும்ங்கிறேன்! ...கழுவாம எப்பிடி தம்பி?

மர்ஸூக்: எனக்கும் அதே கேள்விதான். வேதக்காரங்க, கோயில்காரங்க, பள்ளிவாசல்காரங்க... இதுல மட்டும் நாம எல்லாரும் ஒரே கட்சி ஐயா.

பாக்கியநாதன்: அப்ப நம்ம கட்சிக்கி என்னா வச்சிருக்கீங்க?

மர்ஸூக்: குழி. குழிக்கி மேல இந்த நாற்காலி. நடுவுல ஓட்டை, மேல மூடி. எவ்வளவு ஊத்துனாலும் மண்ணு குடிச்சிரும். ஒவ்வொரு தடவையும் ரெண்டு கை மரத்தூள் போட்டாச் சரி.

பாக்கியநாதன்: ஓடைக்கிக் கிட்ட தோண்டக்கூடாது. அந்தத் தண்ணிதான் கீழ பீலிக் குழாய்க்கி வருது. மூணு லயத்து வீட்டு சனம் குடிக்குது.

மர்ஸூக்: இருநூறு அடி தள்ளித் தோண்டுங்க.

பாக்கியநாதன்: முந்நூறு தோண்டுவேன். பாக்கியநாதன் வீட்டு விருந்துல பீலித் தண்ணி நாறிப்போச்சின்னு ஒரு பேரு வரக்கூடாது.

மர்ஸூக்: முந்நூறு அடி ஆழமா?

பாக்கியநாதன்: தள்ளி, தம்பி. தள்ளி!

மர்ஸூக்: சும்மா கேட்டேன். ஆனா ஐயா... குழி தோண்டுறீங்க, டென்டும் இருக்கு. குந்திக்கிட்டாப் போதும் தானே? நாற்காலி எதுக்கு?

பாக்கியநாதன்: பூனாகலை அட்டையப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது. குந்துன ஆள் கடி வாங்காம எழும்ப மாட்டான். சம்பந்தி வீட்டாள அட்டைக்கி விருந்து வைக்கவா கூப்பிட்டிருக்கேன்?

மர்ஸூக்: அதுவும் சரிதான். உள்ள ஆள் இருக்குன்னு காட்ட ஒரு சிவப்புக் கொடி தரவா?

பாக்கியநாதன்: கொடியா! அது என்னா தேர்தல் மேடையா? உள்ளருந்து செருமுனாப் போதும். தோட்டத்துல செருமல்தான் கதவு.

மர்ஸூக்: நாற்காலி ரெண்டு சைஸ். இது கட்டை. அது உசரம், ரெண்டு பக்கமும் கைப்பிடி. உசரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உக்காந்து பாருங்களே.

பாக்கியநாதன்: கடைக்குள்ளயா?

மர்ஸூக்: மூடி போட்டிருக்கு ஐயா. மூடி போட்டா வெறும் நாற்காலி.

பாக்கியநாதன்: ...சம்பந்தி கனத்த மனுசன். தாங்குமான்னு பாக்கத்தான் வேணும். ம்ம்... ஆடல.

மர்ஸூக்: பாத்தீங்க தானே. எழும்புங்க, கட்டித் தர்றேன்.

பாக்கியநாதன்: இருங்க தம்பி. கனம் தாங்குறதப் பாக்க நேரம் எடுக்கும்.

அழகையா: மர்ஸூக்கு! தம்பி! அந்தக் கைப்பிடி வச்ச நாற்காலி இன்னும் இருக்... சம்பந்தி!

பாக்கியநாதன்: சம்பந்தி! ...வாங்க. வாங்க வாங்க.

அழகையா: நீங்க... எதுல உக்காந்திருக்கீங்க?

பாக்கியநாதன்: நாற்காலியில.

அழகையா: ஆமா... நாற்காலிதான்.

மர்ஸூக்: அழகையா ஐயா, நீங்கதான் அந்தச் சம்பந்தியா! மூணு நாளா வந்து போறீங்க, ஒரு வார்த்த சொல்லலயே.

அழகையா: தம்பி, ஒரு டோர்ச் குடுங்க. டோர்ச்சுக்குத்தான் வந்தேன்.

மர்ஸூக்: டோர்ச்சா? நேத்து இதே நாற்காலியில உக்காந்துதானே ப்ளேன்டீ குடிச்சீங்க...

அழகையா: பெரிய டோர்ச்சாக் குடுங்க.

பாக்கியநாதன்: பசறையில டோர்ச் இல்லயா சம்பந்தி? அதுவும், ஆறு மணிக்கி வீட்டுக்குப் போற ஆளுக்கு டோர்ச் எதுக்கு?

அழகையா: இருட்டுற காலம்...

பாக்கியநாதன்: வேணாம் சம்பந்தி. எங்ககூடத் தங்குறது கௌரவக் குறைச்சல்னா நேராச் சொல்லிருங்க. நாங்க வேதக்காரங்கன்னு...

அழகையா: என்னா பேச்சு பேசுறீங்க! எம் பெரியம்மா மக கட்டிக்கிட்டதே வேதக்காரரத்தான். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் சாப்பாடு எனக்கு அந்த வீட்டுலதான்!

பாக்கியநாதன்: அப்ப ஏன் ஆறு மணி?

அழகையா: வேல இருக்குன்னேனே.

பாக்கியநாதன்: என்னா வேல?

அழகையா: வேலன்னா... வேலதான்.

பாக்கியநாதன்: எம் மக ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல சம்பந்தி. மாமாவுக்கு என்னையப் புடிக்கலயாப்பான்னு கேக்குறா. என்னா பதில் சொல்ல?

அழகையா: ஜெசிந்தினியா? அந்தப் புள்ளயா அப்பிடிக் கேட்டிச்சி?

பாக்கியநாதன்: ஆமா.

அழகையா: ...மர்ஸூக்கு, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க.

மர்ஸூக்: திரும்பிட்டேன் ஐயா. காது மட்டும் இங்கனதான் இருக்கு.

அழகையா: சம்பந்தி... நாப்பது வருஷம் கணக்கப்பிள்ளை வேல. கொழுந்து எடுக்குற ஆளுங்க பின்னால மலைய ஏறி எறங்கி ரெண்டு முட்டியும் போச்சி. குந்துனா எழும்ப முடியாது.

பாக்கியநாதன்: முட்டியா?

அழகையா: போன வருஷம் ஒரு திருவிழாவுக்குப் போன எடத்துல குந்திட்டு... மகன் வந்துதான் தூக்கி விட்டான். கதவுக்கு வெளிய பதினோரு பேரு வரிசையில. அன்னையிலருந்து நான் எந்த ஊர்லயும் தங்குறதில்ல. வீட்டுல உக்காருற கொமட் இருக்கு. அந்தி சாஞ்சா வீட்டுக்குள்ள இருக்கணும்.

பாக்கியநாதன்: இத ஒரு வார்த்த சொன்னா என்னா?

அழகையா: எப்பிடிச் சொல்ல? ஒங்க வீட்டுப் பொம்பளைங்க முன்னால, ஐயோ தூக்குங்கன்னு கத்தவா? மாப்பிள்ளையோட அப்பன் மரியாதை என்னா ஆகும்? அதான் மூணு நாளா இங்க வந்து வந்து இதப் பாக்குறேன். எடுக்கவும் வெக்கம். நேத்து ராத்திரிதான் ஒரு யோசனை வந்திச்சி.

பாக்கியநாதன்: என்னா யோசனை?

அழகையா: சம்பந்தி வயசானவரு, அவருக்குன்னு கொண்டு வந்தேன்னு சொல்லலாம்னு.

பாக்கியநாதன்: எனக்கு வயசா!

அழகையா: என்னைய விட ரெண்டு வயசு மூப்பு தானே நீங்க.

பாக்கியநாதன்: ரெண்டு வயசு ஒரு வயசா? நான் ஒங்க கனத்துக்குன்னு இதப் பாத்துக்கிட்டு இருக்கேன்!

மர்ஸூக்: இப்ப நான் திரும்பலாமா?

அழகையா: திரும்புங்க. இதயே கட்டுங்க. வெளிய ஒண்ணும் தெரியாம நல்லாச் சாக்கு சுத்திக் கட்டுங்க.

மர்ஸூக்: பஸ்ஸுல யாரும் கேட்டா, தையல் மெஷின்னு சொல்லுங்க.

பாக்கியநாதன்: அப்ப... ராத்திரி?

அழகையா: தங்குறேன் சம்பந்தி. பாய் போட்டு ஒங்க பக்கத்துலயே படுக்கிறேன். கொறட்டை விடுவேன், இப்பவே சொல்லிப்புட்டேன்.

பாக்கியநாதன்: விடுங்க, விடுங்க! எத்தன வேணும்னாலும் விடுங்க!

அழகையா: ஜெசிந்தினி நம்பர் குடுங்க. நானே புள்ளகிட்டச் சொல்றேன். மொதல்ல நீங்க எழும்புங்க, தம்பி கட்டட்டும்.

பாக்கியநாதன்: ...ம்.

அழகையா: எழும்புங்க சம்பந்தி.

பாக்கியநாதன்: எழும்புறேன்... இந்தா... ஆங்! பாத்தீங்களா? யாரும் புடிக்காம எழும்பிட்டேன்!

அழகையா: ஒங்கள யாரு புடிக்கணும்?

பாக்கியநாதன்: எம் பொஞ்சாதிதான்... மூணு வருஷமா அவதான் தூக்கி விடுறா. இந்த நாற்காலி கிடைக்காட்டி, ஒங்களுக்கும் முன்னாடி அஞ்சரைக்கே மலையிறங்க இருந்தவன் சம்பந்தி நான்.