பவளத்துக்கு எந்தப் பசை

— அதைக் கீழ வைங்க மாமா. அது பைப் ஒட்டுற பசை.

— பசைன்னா பசைதானே அம்மாடி. ஒடஞ்ச பவளத்தைக் கல்லுல ஒட்டணும், அவ்ளோதானே.

— அது உயிருள்ளது. இந்தப் பசை கொஞ்சம் மீன் தொட்டித் தண்ணில எறங்கினாலும் பவளம், மீனு எல்லாம் காலி. நான் இப்பதான் ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கேன், இன்னும் மூஞ்சிகூடக் கழுவல. படுத்தாதீங்க.

— சரி, விடு விடு. செருப்புக்குப் போடுற பசை இருக்கு. கப்புனு புடிச்சுக்கும்.

— அதுவும் ஆகாது.

— பாத்ரூம் ஓரத்துல பூசுவோமே, ட்யூப்ல வருமே, வெள்ளையா?

— பூஞ்சை வராம இருக்க அதுல மருந்து கலந்திருக்கும். அது இதையும் சேத்துக் கொன்னுடும். இந்தாங்க, இதான் சரி. ஜெல்லு மாதிரி கெட்டியா இருக்கும், தண்ணி பட்டா இறுகிடும்.

— என்ன போட்டிருக்கு அதுல?

— சயனோஅக்ரிலேட்.

— பேரைக் கேட்டா சயனைடுக்குப் பங்காளி மாதிரி இருக்கு. இதுக்கு என் பைப் பசை எவ்வளவோ தேவலாம்.

— இது ஒண்ணும் பண்ணாது மாமா. உங்க பிள்ளை போன்லயே பாடம் எடுத்தாச்சு. தினம் கூப்பிட்டு, தொட்டியைக் காட்டு, தொட்டியைக் காட்டுன்னுதான் கேக்கறாரு. ஒரு நாளாவது உன் மூஞ்சியைக் காட்டுன்னு கேட்டாரா?

— என்னையும் காட்டச் சொல்லலியே.

— அந்தக் கல்லைத் துடைச்சுக் குடுங்க. ... மாமா, நீங்க காலம் பூரா பிளம்பர் வேலை பாத்தவரு. பைப் ஒட்டின அன்னிக்குக் குழாய்த் தண்ணியை யாரையும் வாயில வைக்க விடமாட்டீங்களே. அது விஷம்னு உங்களுக்கா தெரியாது?

— இந்தக் கல்லு தொடைக்கத் தொடைக்க ஈரம் போக மாட்டேங்குது.

— பவளம் எப்படி ஒடஞ்சுது?

— தொட்டியைத் துடைக்கறப்ப கை பட்டுச்சுன்னு சொன்னேனே.

— மாமா.

— நெஞ்சைக் கிழிச்சுத் தச்சு நான் ஆஸ்பத்திரில கெடந்தேன். லீவு இல்லேன்னுட்டான். போன வாரம், தொட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே பிளைட் ஏறிடுவேன்னு சிரிச்சான். நீயும் பக்கத்துலதானே இருந்தே.

— விளையாட்டுக்குச் சொன்னது மாமா அது.

— தெரியும். இருந்தாலும் ஒரு நப்பாசை. ஒரு துண்டை ஒடச்சுப் பாத்தேன், நல்ல பசையா வாங்கி ஒட்டச் சொல்லுன்னுட்டான். மொத்தமாப் போனாலாவது வருவானோன்னு நெனச்சேன். புத்தி கெட்டுப் போச்சும்மா. மீனு என்ன பாவம் பண்ணுச்சு. இந்தா கல்லு, துடைச்சாச்சு. உன் பசையையே வச்சு ஒட்டு. ... என்னம்மா, கையில வச்சுக்கிட்டே நிக்கிறே? நான் இந்தப் பைப் பசையைக் குப்பையில போட்டுட்டு வந்துடறேன்.

— வேணாம், இங்கயே வைங்க மாமா. மீனை மட்டும் முதல்ல பக்கெட்டுக்கு மாத்திடறேன்.