ஷாக் அடிக்கும் இடங்கள்

ஏணியை மடக்குங்கண்ணே, மேல ஏற வேண்டாம். ஃபேன்ல ஒண்ணும் இல்ல, சுவிட்ச் போர்டுலயும் ஒண்ணும் இல்ல. நீங்க வந்து முக்கால் மணி நேரமாச்சு, அந்த டெஸ்டரை வெக்காத எடமில்ல. எங்கயாவது கரண்ட் கசியுதா? இல்லல்ல? அப்புறம் ஏன் தலையைச் சொறியறீங்க?

எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட போன்ல என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியாதா? வீடு பூரா கரண்ட் கசியுது, மொத்த வயரிங்கையும் பிடுங்கி மாத்தணும். அதானே? அவர் பாலம் கட்டற இன்ஜினியர். சிமெண்ட்டைப் பத்திக் கேட்டுப் பாருங்க, மூணு மணி நேரம் மூச்சு விடாமப் பேசுவார். கரண்ட்டைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சதெல்லாம், பல்பு எரியும், இல்லன்னா எரியாது.

இது ஸ்டாட்டிக்ண்ணே. உங்களுக்குத் தெரியும், தெரியாதுன்னு யார் சொன்னா? ஆனா சாயங்காலம் நீங்க அவர்கிட்ட தைரியமா சொல்லணுமே. அதுக்குத்தான் இந்தப் பாடம். வயர்ல ஓடறது ஓடிட்டே இருக்கும். இது ஓடாது, வந்த எடத்துல ஒக்காந்துக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒரசினா, ஒண்ணுலேர்ந்து எலக்ட்ரான் கிளம்பி இன்னொண்ணுக்குப் போயிடும். பறிகொடுத்தது பாசிட்டிவ், வாங்கி வெச்சுக்கிட்டது நெகட்டிவ். கூடுதலா வாங்கினவனுக்கு நெகட்டிவ்னு பேர்! கான்வென்ட்ல படிக்கறப்ப நான் எழுந்து நின்னு, சிஸ்டர், பேரை மாத்தி வெச்சுட்டாங்கன்னு சொன்னேன். பெஞ்சு மேல ஏத்தி விட்டாங்க. இன்னிக்கும் சொல்றேன், மாத்தித்தான் வெச்சிருக்காங்க.

இப்ப பாருங்க, குளிர்காலம். நாள் பூரா ஹீட்டர் ஓடுது, காத்துல சொட்டு ஈரமில்ல. கீழ நைலான் கார்ப்பெட். அவர் காலைத் தூக்கி வெச்சு நடக்கற ஜாதி இல்ல, தேச்சு தேச்சுத்தான் நடப்பார். பத்தடி நடந்தா ஒடம்பு பூரா சார்ஜ். ஈரக் காத்தா இருந்தா அது சத்தமில்லாமப் போயிடும். இங்க போக வழியில்ல, அப்படியே நிக்குது. ஏதாவது இரும்பைத் தொட்டா சுரீர். அவ்வளவுதான் கதை. இதுக்குப் போய் செவுத்தை ஒடைப்பாங்களா?

ஏன், நானே இதை அவர்கிட்ட சொல்லக்கூடாதா? நல்லா கேட்டீங்க. நாங்க பேசி அஞ்சு மாசமாச்சு.

ஏங்க, அப்படிப் பாக்காதீங்க, அடிதடி எல்லாம் இல்ல. அவர் அண்ணன் வீட்டு விருந்து. பதினாறு பேர் மேசையைச் சுத்தி. பிளாஸ்டிக் கேன்ல பெட்ரோல் பிடிச்சா ஏன் ஆபத்துன்னு பேச்சு வந்தது. நான் வாயைத் தொறந்தேன். ஒரு பொறி போதும்னு ஆரம்பிக்கறதுக்குள்ள இவர் சிரிச்சுக்கிட்டே, அவளை விடுங்க, வீட்லயே இருக்கறவ, பாவம், அவளுக்கு என்ன தெரியும்ங்கறார். முட்டாள்னு சொல்லியிருந்தா அங்கயே சண்டை போட்டிருப்பேன். பாவம்னு சொன்னா எந்தப் பக்கம் நின்னு சண்டை போடறது, சொல்லுங்க? வாயை மூடினேன். மூடினது மூடினதுதான். பையன் படிக்க வெளியூர் போனதுல ஒரு ரூம் காலியா இருந்துதா, இவர் தலகாணியைத் தூக்கிட்டு அங்க போயிட்டார். இப்ப எல்லாம் ஃபிரிட்ஜ் கதவுல சீட்டுதான். பால் இல்லை. பிளம்பர் வருவார். பையன் பேசினான்.

ஆனா ஒண்ணு சொல்லணும். சார்ஜ் இருந்தா அதைச் சுத்தி ஒரு ஃபீல்டு இருக்கும், மின்புலம். தொடவே வேண்டாம், தள்ளி நின்னாலே இழுக்கும், இல்ல தள்ளும். அதையும் புத்தகத்துல படிக்க வேண்டியதில்ல. இவர் ஹால்ல வந்து ஒக்காந்தா கிச்சன்ல எனக்கு முதுகு விறைக்குது.

சரி, விஷயத்துக்கு வரேன். நேத்து ஒரு சீட்டு. வயரிங் மாத்தும்வரை நீ அக்கா வீட்டில் இரு. திங்கள் காலை கார் வரும். முடிஞ்சுது. அஞ்சு மாசமா ஒரு வார்த்தை இல்லாத வீட்லேர்ந்து பெட்டியோட கிளம்பினா, திரும்ப வான்னு யார் கூப்பிடுவா? இவரா? நானாத்தான் வருவேனா? இருபத்திநாலு வருஷம் குடும்பம் நடத்திட்டு, ஒரு கார்ப்பெட்டால அக்கா வீட்ல போய் ஒக்கார முடியாதுண்ணே. அதனால நீங்க எழுதித் தர்ற ரிப்போர்ட்தான் எனக்கு எல்லாம்.

அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க. அவர் குடுத்த லிஸ்ட்தானே? தலைப்பு வேற, ஷாக் அடிக்கும் இடங்கள்! கோடு போட்டு, நேரம் போட்டு... பாலத்துல விரிசல் கணக்கெடுக்கற மாதிரி. சரி, நீங்களே வெச்சுக்கங்க, படிங்க. ஒண்ணு, ஃபிரிட்ஜ் கைப்பிடி. இரும்பு. ரெண்டு, ஹால் கதவுக் குமிழ். அதுவும் இரும்பு. கதவுக்குள்ள எந்த வயர் போகுது? மூணு, காரா? கார் கதவா! ஐயோ, தெருவுல நிக்கற காருக்கு நம்ம வீட்டு மீட்டர்லேர்ந்தா கனெக்‌ஷன்? இது ஒண்ணு போதுமே! அடிக்கோடு போடுங்க அதுக்கு. நாலு, பாத்ரூம் குழாய். சரி, அடுத்தது?

ஏன் மடிக்கறீங்க?

நாலுக்குக் கீழயும் ஏதோ எழுதியிருக்கே, இங்கேர்ந்தே மசி தெரியுது. படிங்கண்ணே. உங்களுக்கு ஏன் முகம் செவக்குது? சரி, நானே சொல்லட்டுமா? அஞ்சு, மனைவி. தோள்பட்டை. காலை ஆறு இருபது. அப்படித்தானே?

லிஸ்ட்டை நான் முன்னாடி படிக்கலண்ணே, சத்தியமா. எனக்கும்தானே சுரீர்னு அடிக்குது. ஷாக் ஒருத்தருக்கு மட்டுமா அடிக்கும்?

பதினோரு நாளா நடக்குது. வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி, ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டு வருவார். என் போர்வை பாதி கீழ கெடக்கும். எடுத்துத் தோள் வரைக்கும் இழுத்து விடுவார். அக்ரிலிக் போர்வை, இழுக்க இழுக்கப் படபடன்னு பொரியும். விரல் பட்டதும் சுரீர். கையை உதறுவார், ஆனா சத்தம் வராது, நான் முழிச்சுக்குவேனாம். நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூங்குவேன். அப்புறம் மறுபடி ஓரத்தைச் சரி பண்ணுவார். அப்ப அடிக்காது. சார்ஜ்தான் போயிடுச்சே.

என் கட்டில்ல கரண்ட் கசிஞ்சு, தூக்கத்துலயே எனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்துட்டார் மனுஷர். அதான் அவசரமா உங்களை வரச் சொன்னது. அதான் அக்கா வீடு. நேத்து சீட்டைப் படிச்சப்ப கோவம் வந்துது. ராத்திரி படுத்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது.

என்னது, காட்டன் போர்வையா? இருக்குண்ணே, அலமாரில மூணு இருக்கு. அது ஒடம்போட ஒட்டிக்கும், வழுக்காது, கீழ விழாது. விழலன்னா அவர் எதுக்கு வரப்போறார்? இதுவும் நான் சொல்லணுமா?

எழுதுங்க. உங்க கம்பெனி லெட்டர்பேட்லயே எழுதுங்க, நான் சொன்னா நம்ப மாட்டார். வயரிங்கில் கோளாறு இல்லை. வீட்டிலிருந்து யாரும் வெளியேறத் தேவையில்லை. அடுத்து, ஐந்தாவது இடத்துக்கு மட்டும் தனிக் குறிப்பு. கூரான நுனியில்தான் புலம் குவியும். எனவே விரல் நுனியால் பட்டும் படாமல் தொட்டால் கட்டாயம் ஷாக் அடிக்கும். உள்ளங்கையை முழுதாக வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமல் இருக்கவும்.

சிரிக்காம எழுதுங்கண்ணே, சயின்ஸ்தான்.