ஜிலேபி அடங்கிய குளம்

அருள்புரத்திலிருந்து கிளம்பிய காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பனியன் கம்பெனிக்குப் போகும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கூட்டுக்காரரு குளத்துல ஜிலேபி மீன் அடங்கிருச்சுங்க்கா" என்றாள் இளையவள்.

"மழைத்தண்ணில வந்து, மத்த மீனையெல்லாம் அழிச்சுப்போடும்னு அழுதியே கண்ணு?"

"பக்கத்துக் குளத்துல அப்படித்தானுங்க ஆச்சு. அங்க ரோகு மட்டுந்தான் வளர்த்தாங்க. எங்களுதுல விரால், கெளுத்தி, அயிரைன்னு எல்லாம் இருந்துச்சுங்களா, விரால் ஜிலேபிக் குஞ்சைத் தின்னுபோட்டுது, கெளுத்தியும் அயிரையும் அடித்தீனியை அதுக்கு மிச்சம் வெக்கல."

"இப்ப ஜிலேபியே இல்லியா?"

"கொஞ்சம் இருக்குதுங்க. மத்ததும் பொழைச்சுக்கிச்சு. நேத்து பக்கத்துக் குளத்துக்காரரு விரால் குஞ்சு கேட்டு வந்தாருங்க."

"குடுத்தாரா?"

"ஒரு குடம் நெறையக் குடுத்தாருங்க. விரால் மட்டும் தனியா என்ன பண்ணும்னு, கெளுத்தியும் அயிரையும் சேர்த்திப் போட்டு உட்டாரு."