முகத்திற்கென்று வைத்த துளை

குல்லாயில் முகத்திற்கென்று ஒரு துளை வைக்கிறோம். அதன் வழியே முகத்தை நீட்டவேண்டும். இதனை எவருக்கும் விளக்கவேண்டிய தேவை, கெந்த் நகரில் முப்பது ஆண்டுகளாகக் குல்லாய் தைக்கும் எனக்கு ஏற்பட்டதில்லை. கீழ்ப்பகுதி தோள்களை மூடும். உச்சியிலிருந்து நீண்ட வாலொன்று முதுகில் தொங்கும். நெற்றிக்கும் கன்னத்திற்கும் பொருந்துமாறு அத்துளையின் விளிம்பைத் தைப்பதற்கே ஒரு முழு நாள் செல்லும்.

என் தங்கையின் கணவன் லீவன் அத்துளைக்குள் மண்டையை நுழைத்தான். விளிம்பை வெளிப்புறமாகச் சுருட்டி வளையமாக்கி, தோள்பகுதியைச் சேவற்கொண்டைபோல் ஒருபுறம் சரித்து, வாலைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மீன்சந்தையில் உலவினான்.

"என்ன மச்சான், முறைக்கிறீங்க? நீங்க தைச்சதுதானே! கழுத்துல மாட்டினா கிழவன், தலையில மாட்டினா மாப்பிள்ளை."

சந்தையே சிரித்தது. அறிவாளிகள் நிறைந்த ஊராகையால், ஒரு திங்களுக்குள் பாதி ஊர் அவ்வாறே அணிந்தது. நான் கண் நோகத் தைத்த விளிம்புகளெல்லாம் வைக்கோற்புரிபோல் சுருண்டுகிடந்தன. நான் சினங்கொள்ளவில்லை, ஐயா. அதனையும் தாங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

அவ்வாண்டு நகரம் கோமகனுக்கு எதிராக எழுந்தது. எங்கள் கட்சிக்கு வெள்ளைக் குல்லாய். கோமகனின் ஆட்களுக்கு நீலம். நீலத்துடன் அகப்பட்டவனை லீ ஆற்றில் எறிந்தார்கள். சிறந்த ஏற்பாடு; விசாரணை என்னும் பெயரால் எவருடைய பொழுதும் வீணாகவில்லை.

வெள்ளைக் குல்லாய் ஒன்று வேண்டுமென்றான் லீவன். தைத்தேன். வெளிப்புறம் பாலினும் வெண்மை. உள்துணி மட்டும் நீலம். வீட்டில் நீலத் துண்டுகள் மீந்திருந்தன. சிக்கனம் குற்றமாகாது. முறைப்படி அணிந்தால், அணிபவனின் காதுகளன்றி வேறெவரும் உள்துணியை அறியார். விளிம்பைச் சுருட்டினால்தான் அது வெளியே தெரியும். சுருட்டச் சொன்னவன் நானா?

அணிவகுப்பு நாளன்று காலையில் அவன் ஓடிவந்தான். "மச்சான், முரசு அடிச்சாச்சு! நீங்களே கட்டிவிடுங்க. எடுப்பா இருக்கணும், ஆமா."

குல்லாயைக் கையிலும் வாங்காமல் தலையைக் குனிந்து கொடுத்தான். கட்டிவிட்டேன். முன்புறம் சுருளை வெள்ளை வாலால் மறைத்தேன். பிடரிப்பக்கம் நான்கு விரல் அகலம் நீலத்தை விட்டுவைத்தேன். தன் பிடரியைத் தானே காணும் பேறு மனிதனுக்கு வாய்க்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கே" என்றேன். மகிழ்ந்து போனான்.

என் கைவேலை எவ்வாறு நிற்கிறதென்று காணும் ஆவலால் நானும் பின்னே நடந்தேன். பாலத்தருகே ஒருவன் கூவினான்: "டேய், இவன் பின்மண்டையப் பாருங்கடா, நீலம்டா!"

"ஐயோ, எனக்குத் தெரியாதுப்பா! இது என் மச்சான் தைச்சது. மச்சான், நீங்களே சொல்லுங்க!"

படைத்தலைவன் என்னிடம் வந்தான். "பெரியவரே, நீலத்துணி நீங்களா வெச்சதா, இவன் கேட்டு வெச்சதா?"

லீவன் என்னையே நோக்கி நின்றான். ஒரு சொல் போதும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தைக்கிறவனுக்கு ஏதுப்பா சொந்த விருப்பம்? வாங்குறவர் கேக்கிறதைத் தைப்போம்" என்றேன். அதில் ஒரு சொல்லேனும் பொய்யுண்டா? தொழிலின் வழக்கத்தைப் பொதுவாகச் சொன்னேன். அவர்கள் அவசரக்காரர்கள்.

மூன்றாம் நாள் ஆலையின் மதகருகே உடல் ஒதுங்கியது. குல்லாயின் வால் கழுத்தில் சிக்கியிருந்தது. நான் அதனை உலர்த்தி, சுருக்கம் நீக்கி, முகத்தைத் துளையின் வழியே எடுத்து, முறைப்படி அவனுக்கு அணிவித்தேன். நெற்றி பொருந்தியது; கன்னம் பொருந்தியது; நீலம் ஒரு நூலளவும் தெரியவில்லை.

"பார்த்தியாம்மா? இப்படிப் போட்டிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்" என்று தங்கைக்கு ஆறுதல் கூறினேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்தாள். பிறகு தங்களிடம் வந்தாள் போலும்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அளவெடுத்தவன் நான், தைத்தவன் நான், கட்டிவிட்டவன் நான், கேட்டபோது அவ்வாறு விடையளித்தவனும் நான். கோணலாக அணிந்தவன் அவன்.